ஆமை ஓட்டில் ஒட்டிய மாட்டெலும்பு

என் பெயர் ஜெசிந்தா, ஊர் ராணிப்பேட்டை, பழஞ்சீன எழுத்தில் முனைவர் பட்ட ஆய்வு, ஐந்தாவது வருஷம். என்னுடைய பதினான்கு மாத உழைப்பை என் நெறியாளர் பேராசிரியர் தணிகாசலம் தன் பெயரில் போட்டுக்கொண்டார். ஒளித்து மறைத்துக்கூட இல்லை. பட்டப்பகல் இரண்டரை மணிக்கு, பொன்விழா அரங்கத்தில், நூற்றைம்பது பேர் முன்னால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் எழுதிய வாக்கியங்களை நான் மூச்சுவிட்ட இடத்திலேயே மூச்சுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். அழைப்பிதழில் 'கண்டுபிடிப்பு' என்று போட்டு அவர் பெயர், பெயருக்கு முன்னால் இரண்டு வரிக்குப் பட்டங்கள். கடைசிப் பக்கத்தில், உணவுக் குழுவுக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நடுவில், 'வரைபட உதவி: செல்வி ஜெசிந்தா'. உதவியாம். செல்வியாம். இது போதாதென்று, அவர் தமிழில் படிப்பதைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தைவான் அம்மாளின் காதில் சீன மொழியில் சொல்லும் வேலையும் எனக்கே. திருடு போன வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் திருடனுக்குத் தமுக்கடிக்கச் சொல்வது மாதிரி. சரி, திருடினாரே, பார்த்துத் திருடினாரா? அதற்கும் துப்பில்லை. அவர் தூக்கிக்கொண்டு போனது என் தப்பை. நான் செய்த தப்பு, பிறகு நானே கண்டுபிடித்த தப்பு, 'இது தப்பு சார், இதை விட்டுடுங்க' என்று இரண்டு பக்கம் எழுதி அவர் கையிலேயே கொடுத்த தப்பு. இன்னும் கால் மணி நேரத்தில் அது பத்தடி உயரத்துக்குத் திரையில் வரப்போகிறது. அதுவரைக்கும் நான் அவர் சொல்வதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது சூரியன், சந்திரன், மலை. சீன எழுத்து என்றாலே எல்லாரும் இங்கேதான் தொடங்குவார்கள், வேறு வாசலே இல்லாத வீடு போல. திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி, பக்கத்தில் இன்றைய எழுத்து, நடுவில் ஒரு சிவப்பு அம்புக்குறி. 'படம் எழுத்தாகிறது, ஆகா' என்கிறார். நான் குனிந்து சொல்கிறேன்: சூரியன் சூரியனைப் போல இருக்கிறதாம். லியாவ் லாவ்ஷி, அதுதான் அந்தத் தைவான் அம்மாள், 'ம்' என்கிறார். லாவ்ஷி என்றால் டீச்சர், சீனத்தில் வயதான பேராசிரியரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். எழுபத்திரண்டு வயது. எழுத்து செதுக்கிய, உடைந்த பழைய எலும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், நானூறுக்கு மேல் ஒட்டியிருக்கிறார், அவர் பெயரைப் பார்க்காமல் இந்தத் துறையில் ஒரு புத்தகத்தைத் திறக்க முடியாது. இவரைப் பேசச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஒரு பொன்னாடையைப் போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பொன்னாடை மடித்து அவர் மடியில் கிடக்கிறது, அதன்மேல் ஒரு ஆரஞ்சு மிட்டாயின் தாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறாரா? தூங்கட்டும் கர்த்தரே, தூங்கட்டும். இல்லை, தூங்கக் கூடாது. எது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. படம், படம் என்கிறார் மேடையில். படம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம் பாருங்கள். அந்த மொழியில் பத்துக்கு எட்டு எழுத்து படமே இல்லை, ஒரு பாதி பொருளைக் காட்டும், ஒரு பாதி ஓசையைச் சொல்லும். அம்மாவை எழுதும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் குதிரையை எழுதுகிறார்கள், குதிரைக்கும் அம்மாவுக்கும் ஓசை ஒன்று என்பதால். இதை நான் விடுதியில் சொன்னபோது என் அறைத்தோழி அங்கை, அவள் நடுகல் ஆய்வு, "அப்ப உங்கம்மா குதிரை இல்லியாடி?" என்றாள். அவளுக்காவது சிரிப்பு வந்தது. இவருக்கு அதுகூடத் தெரியாது. மூவாயிரம் வருஷத்து மூளையை மூன்று படத்தில் அடக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறார், அடுத்தது கூரை. கூரையா? ஐயோ, அந்த ஜோக்கைச் சொல்லப்போகிறார்.

சொல்லிவிட்டார். "ஒரு கூரைக்குக் கீழே ஒரு பெண் இருந்தா, சீனத்தில் அதுக்கு அமைதின்னு பேரு. மூணு பெண்கள் சேர்ந்தாங்கன்னா…" என்று இழுத்து, நிறுத்தி, அரங்கத்தை ஒரு பார்வை பார்த்தார், இழுத்ததற்கே சிரிக்கிறார்கள், முடிப்பதற்கு முன்னாலேயே சிரிக்கிறார்கள், மூன்றாம் வரிசையில் கல்வெட்டியல் துறைத் தலைவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறார், "அது வீட்டுக்கு வீடு தெரிஞ்சதுதான் சார்!" என்று ஒரு குரல். பெண்களும் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, காலை ஆறு மணிக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, தங்களைப் பற்றிய இந்த ஜோக்குக்குப் பல்லைக் காட்டுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் காட்டினவள்தானே. அவர் அறைக்கு முதல் நாள் போனபோது நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊரும்மா?" ராணிப்பேட்டை சார். "அப்பா?" டேனரியில சார், தோல் தரம் பிரிக்கிறவர். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப எலும்பு, தோலு எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தான். சரியான சப்ஜெக்டைத்தான் புடிச்சிருக்கே." நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கு? ஐந்து வருஷமாக அந்தச் சிரிப்பை வாயிலிருந்து துப்பிக்கொண்டிருக்கிறேன், இன்னும் போகவில்லை. லியாவ் லாவ்ஷி கண்ணைத் திறக்காமலே "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டார். கூரையும் பெண்ணும் என்று சொன்னேன். "ஓ, அதுவா. அதை எல்லா ஊரிலும் சொல்கிறார்கள்" என்றார். ஒரு ஈயை விரட்டுகிற குரல். எனக்கு அந்தக் குரல் வேண்டும். எனக்கு வாய்த்திருப்பது கத்துகிற குரல். பட்டிமன்றத்தில் கப் வாங்கித் தரும், வேறு எதற்கும் உதவாது.

அடுத்து புராணம். எழுத்தைக் கண்டுபிடித்தவனுக்கு நாலு கண், பறவையின் காலடியைப் பார்த்து எழுத்தை உண்டாக்கினான், அன்றைக்கு வானத்திலிருந்து தானியம் கொட்டியது, பேய்கள் அழுதன. இதை அவர் ரசித்துச் சொல்கிறார், நான் பாதியைத்தான் சொல்கிறேன், சீன எழுத்து படித்தவருக்குப் போய் இந்தக் கதையைச் சொல்வது காஞ்சிபுரத்துக்காரிக்குப் புடவை என்றால் என்ன என்று விளக்குவது மாதிரி. நாலு கண்ணாம். ஒருவன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்லவேண்டும், அவனுக்கு மற்றவர்களைவிட இரண்டு கண் அதிகம் என்று சொல்லவேண்டும், அப்போதுதான் இந்த மாதிரி ஆட்களுக்கு மனசு ஆறும். பறவையின் காலடியைப் பார்த்தானா? மை அரைத்தது யார்? ஓட்டைத் தேய்த்தது யார்? அந்தக் காலத்தில் எழுதியது ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும்தான். ஆமையின் அடிவயிற்று ஓட்டைச் சீவி, தேய்த்து, பளபளப்பாக்கி, முதுகில் வரிசையாகக் குழி தோண்டி, குழியில் நெருப்பை வைத்தால் முன்பக்கம் 'புக்' என்று வெடிக்கும், அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் அரசன் குறி சொல்வான். மழை வருமா, வராதா. பல்வலி போகுமா, போகாதா. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு விதமாகக் கேட்டு ஓட்டின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று செதுக்குவார்கள். குறி கேட்டவன் பெயர் எழுத்தில் இருக்கிறது. குறி சொன்ன அரசன் இருக்கிறான். செதுக்கினவன் பெயர் இல்லை. ஓட்டைத் தயார் செய்தவர்கள் பெயர் சில ஓடுகளில் ஓரத்தில் இருக்கும், பொடி எழுத்தில். படித்தால் இன்னார் சீமாட்டி, இன்னார் சீமாட்டி என்று பெண்களாக வருகிறார்கள். ஓரத்தில். மூவாயிரம் வருஷமாக ஓரத்தில்தான். அரசனுக்கு ஒரு சீமாட்டி இருந்தாள், படை நடத்தினவள், அவள் பிள்ளை பெறுவது நல்லபடியாக முடியுமா என்று கேட்டார்கள். முப்பத்தோரு நாள் கழித்துப் பெற்றாள், அதையும் பக்கத்திலேயே செதுக்கி வைத்தார்கள்: நல்லதில்லை, பெண். அவ்வளவுதான். இரண்டே சொல். அரசன் குறித்த நாளில் பிறக்கவில்லை, அதனால்தான் நல்லதில்லை என்று அரசனைக் காப்பாற்றுகிற மாதிரி அது எழுதப்பட்டிருக்கும். ராஜா தப்பாகச் சொன்னார் என்று செதுக்க எவனுக்குக் கை வரும்? இந்த அரங்கத்தில் எவனுக்கு வரும்? எனக்கு வருமா?

என் தப்பைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இவரை மட்டும் திட்டினால் நானும் இவரும் ஒன்றுதான். எலும்பையும் ஓட்டையும் நாங்கள் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, அவை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, மருந்துக் கடைக்காரர்கள் தூளாக அரைத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்தது போக மிச்சம். எங்களுக்குக் கிடைப்பது மைப்படி. கல்வெட்டுக்கு எடுப்பது போலத்தான், ஈரத் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுப்பது. தாள் முழுக்கக் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளைக் கீறல். துண்டு துண்டாக உடைந்ததில் பாதி வாக்கியம் ஒரு நாட்டில், மீதி வாக்கியம் வேறொரு கண்டத்தில். விடுதி அறையின் தரையில் நகல்களைக் கத்தரித்துப் பரப்பி வைத்து, மின்விசிறியைப் போடாமல், பறந்துவிடும் என்று மின்விசிறியைப் போடாமல், சித்திரை மாதம் முழுக்க வியர்வை சொட்டச் சொட்ட நான் தேடினேன். அங்கை வாசலில் நின்று "கால் எங்கடி வைக்கிறது? உன் ஆமைங்க எல்லாம் என் கட்டில் கிட்ட மேயுது" என்பாள். கடைசியில் கிடைத்தது. ஒரு துண்டில்: சீமாட்டி, பெயரில் பாதி உடைந்திருக்கிறது, படையோடு வடக்கே போனாள், முப்பது நாள்… அங்கே உடைந்துவிட்டது. இன்னொரு துண்டில்: …திரும்பி வந்தாள், தீங்கில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். உடைந்த விளிம்பு பல்லோடு பல் பொருந்தியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கத்தினேன் என்று அங்கை சொல்கிறாள். எனக்கு அவள் திரும்பி வரவேண்டும் என்று இருந்தது. அதுதான் விஷயம், வேறொன்றுமில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே போன ஒருத்தி பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், ஆசைப்பட்ட கண்ணுக்கு எந்த விளிம்பும் பொருந்தும். ஆராய்ச்சியாம். ஜோசியக்காரன்கூட இதைவிடக் கவனமாகப் பார்ப்பான். எழுதி, வரைந்து, அளவு போட்டு, மாசி மாதம் இவரிடம் கொடுத்தேன். "அருமைம்மா, அருமை" என்றார். அதுதான் அவர் என்னைப் பாராட்டின முதல் தடவை. அந்தப் பாராட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

திரையில் இப்போது வெண்கலப் பாத்திரங்கள். வேகமாகப் போகிறார், நேரம் ஆகிவிட்டது போல. வெண்கலத்தில் எழுத்து பருத்தது, மூங்கில் பட்டையில் ஒடுங்கியது, பட்டை ஒடுக்கமாக இருந்ததால் குதிரை, நாய், பன்றி எல்லாம் வாலை ஊன்றி நட்டுக்குத்தலாக நிற்கின்றன, இதுவும் என் வாக்கியம், 'நட்டுக்குத்தலாக' என்பது ராணிப்பேட்டைச் சொல், அதைக்கூட மாற்றவில்லை இந்த மனுஷர். பிறகு ஒரு பேரரசன் வந்து, அடுத்த நாட்டு எழுத்தெல்லாம் செல்லாது, என் எழுத்து மட்டும்தான் எழுத்து என்றான். அவனுடைய குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாக எழுதி எழுதிக் கை ஓய்ந்து, வளைவையெல்லாம் நேராக்கிவிட்டார்கள். அரசன் அழகுக்காக எழுதச் சொன்னதை ஆபீஸ் ஆட்கள் அவசரத்துக்காக மாற்றினார்கள், அந்த அவசரம்தான் இன்றைக்கு வரைக்கும் நிற்கிறது. அரசன் எழுத்து முத்திரையில் மட்டும். எனக்கு அந்தக் குமாஸ்தாக்களைப் பிடிக்கும். லியாவ் லாவ்ஷியின் காதில் இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் சூடாகிவிட்டது, அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இது நன்றாக இருக்கிறது" என்றார். "இதை அவரா எழுதினார்?" நான் அடுத்த வரிக்குத் தாவினேன். மொழிபெயர்ப்பவளுக்கு மொழிபெயர்ப்பதுதான் வேலை, எங்கேயோ படித்திருக்கிறேன், இல்லை, நானே இப்போது கட்டிக்கொண்டது. கோழை. பட்டிமன்றத்துக் கோழை.

இன்னும் நாலு படம்தான் பாக்கி. அந்தத் தப்பு எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மைப்படியில் முதுகு தெரியாது. எழுத்து முன்பக்கம்தானே, அதனால் முன்பக்கத்தைத்தான் ஒற்றுவார்கள். நாலு கடிதம் எழுதி, ஐந்தாவதுக்கு அந்த வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்காரன் இரண்டாவது துண்டின் முதுகைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஆனி மாதம், ஊரில் இருந்தேன். திறந்தேன். முதுகில் சல்லடை சல்லடையாகப் பொடித் துளை. ஆமை ஓட்டில் அப்படி இருக்காது. அது மாட்டின் தோள்பட்டை எலும்பு. முதல் துண்டு ஆமை, இரண்டாவது துண்டு மாடு, இரண்டையும் ஒட்டி ஒரு பொம்பளையை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் பிறந்தவள். தெருமுனையில் மாட்டெலும்பு குவியலாகக் கிடந்த ஊரில் வளர்ந்தவள். உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா சோறு போட்டுக்கொண்டே "என்னாச்சு?" என்றாள், சொன்னேன், அப்பா சாப்பாட்டில் கையை வைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆமையையும் மாட்டையும் ஒட்டிட்டியா? ஏம்மா, நம்ம ஷாப்புல ஆட்டுத்தோலை மாட்டுத்தோல்னு பிரிச்சவனை ஒரே நாள்ல வூட்டுக்கு அனுப்பிட்டாங்க, தெரியுமா? உனக்கு டாக்டர் பட்டம் தர்றாங்களா?" அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வேறு. அடுத்த வாரமே இரண்டு பக்கம் எழுதி இவர் அறைக்குக் கொண்டுபோனேன். "சார், அந்த இணைப்பு தப்பு. ஒண்ணு ஆமை, ஒண்ணு மாடு. ஆதாரத்தோட எழுதியிருக்கேன்." யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், வாங்கி மடித்துப் பையில் வைத்தார், "பாக்கறேம்மா" என்றார். பார்த்தாரா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இப்படி நிமிர்ந்து நிற்கமாட்டார். படிக்கவே இல்லை அந்த மனுஷர். திருடுவதற்கு முன்னால் ஒரு முறை படித்துப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றாத சோம்பேறித்தனம், என் தாளில் இவருக்கு வேண்டியது இவர் பெயர் போட ஒரு இடம், அவ்வளவுதான். ஆவணி மாதம் அழைப்பிதழ் வந்தது. அவர் அறைக்கு ஓடினேன். என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற படிவம் அவர் மேசைமேல் இருந்தது, கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள், வருகிற வெள்ளி. "என்னம்மா?" என்று படிவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன். ஒன்றுமில்லை சார். இந்த இரண்டு சொல்லை எத்தனை பெண்கள் எத்தனை அறை வாசலில் சொல்லியிருப்பார்கள், அதைச் செதுக்கி வைக்க எந்த எலும்பு போதும்?

வந்துவிட்டது. திரை முழுக்க என் மைப்படி, என் சிவப்புக் கோடு, விளிம்புக்கு விளிம்பு. "நண்பர்களே" என்கிறார், கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, "நூறு வருஷமா உலகத்துல யாரும் பொருத்தாத இரண்டு துண்டை இந்தத் தமிழ் மண்ணிலிருந்து நான் பொருத்தியிருக்கேன். அந்தச் சீமாட்டி திரும்பி வந்தாள்!" கைதட்டல். சேர்ந்து தட்டுகிறார்கள், சிலர் எழுந்துகூட நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது, அதுவும் உண்மை, அந்தத் தப்புக்கு விழுகிற கைதட்டல் என்று தெரிந்தும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. லியாவ் லாவ்ஷி இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். மிட்டாய்த் தாளைக் கசக்கிக் கைப்பையில் போட்டார். திரையையே பார்க்கிறார். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மைக்கை வாங்கி, சீன எழுத்துக்கு மூலமே நம் பானைக் கீறல்தானே, அதைப் பேராசிரியர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பேராசிரியர் "அது அடுத்த கட்டம் ஐயா" என்றார். அடுத்த கட்டமாம். லாவ்ஷி "என்ன கேட்கிறார்?" என்றார். சொன்னேன். "எல்லா ஊரிலும் கேட்கிறார்கள்" என்றார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கையை உயர்த்தினார்.

மைக் வந்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர் ஒரு வாக்கியம் சொல்லி எனக்காக நிறுத்துகிறார். நான் தமிழில் சொன்னேன்: "பேராசிரியர் லியாவ் கேட்கிறார், இரண்டு துண்டுகளுடைய முதுகையும் பார்த்தீர்களா?" மேடையில் புன்னகை. "எழுத்து முன்பக்கம்தானேம்மா இருக்கு? முதுகுல என்ன இருக்கப்போவுது?" அரங்கத்தில் சின்னச் சிரிப்பு. அதைச் சீனத்தில் சொன்னேன். லாவ்ஷி தலையை ஆட்டினார். கோபம் இல்லை, ஏளனம்கூட இல்லை, அரிசியில் கல் பொறுக்குகிறவளின் முகம். "அந்த இரண்டாவது துண்டை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது மாட்டின் தோள்பட்டை. முதலாவது ஆமை. ஒட்டாது." நிறுத்தினார். எனக்காகக் காத்திருக்கிறார். நூற்றைம்பது பேரும் காத்திருக்கிறார்கள். இந்த அரங்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'மிகவும் சிறப்பான இணைப்பு என்று பாராட்டுகிறார்' என்று நான் சொன்னால் போதும், எல்லாரும் கைதட்டுவார்கள், லாவ்ஷி அதைத் தன் கேள்விக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்வார், டீயும் வடையும் வரும், வெள்ளிக்கிழமை கையெழுத்து விழும், சீமாட்டி திரும்பி வந்ததாகவே விழா மலரில் அச்சாகும், நூறு வருஷம் கழித்து யாரோ ஒரு பெண் அதை நம்பி அதன்மேல் இன்னொரு தப்பைக் கட்டுவாள். எவ்வளவு சுலபம். அரசனைக் காப்பாற்றி எழுதின கைகளுக்கெல்லாம் இப்படித்தான் சுலபமாக இருந்திருக்கும், அவனுக்காக இல்லை, தங்களுக்காக. இரண்டு வினாடி இருக்கும், மூன்று இருக்கும். லாவ்ஷி என் பக்கம் திரும்பி, "சொல்லத் தமிழில் சொல் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார், உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். இருக்கிறது லாவ்ஷி. ரொம்பச் சின்னச் சொல். "ஒன்று மாடு, ஒன்று ஆமை. ஒட்டாது என்கிறார்" என்றேன் மைக்கில்.

சலசலப்பு. "ஆமையையும் மாட்டையுமா ஒட்டினாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. தணிகாசலம் சாரின் காது சிவந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது, பெரிய மனுஷர் முகம், பொறுத்துக்கொள்கிற முகம். "அது வந்துங்க, இந்த ஒட்டற வேலை, வரையற வேலையெல்லாம் நான் செய்யறதில்லை. நம்ம ஜெசிந்தா செஞ்சது. சின்னப் பொண்ணு, அவசரம். நல்லாப் பாரும்மா, நல்லாப் பாரும்மான்னு நான் அப்பவே சொன்னேன். அதை அவங்ககிட்டச் சொல்லிடும்மா." ஐந்து வருஷத்தில் அவர் மேடையில் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். ஒட்டியது ஜெசிந்தாவாம், சின்னப் பெண்ணாம், அவசரக்காரியாம், இவர் அப்போதே எச்சரித்தாராம். என் வாயால் என்னைப் பற்றி, இன்னொரு மொழியில், இலக்கணச் சுத்தமாக. "ஜெசிந்தா யார்?" என்றார் லாவ்ஷி. நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், மைப்படியைப் பார்க்கிற மாதிரி, பிறகு அழைப்பிதழை எடுத்து, தமிழ் படிக்கத் தெரியாதவர், அட்டையில் பெரிதாக இருந்த பெயரின்மேல் விரலை வைத்தார். "இது உன் பெயரா?" இல்லை. "அப்படியானால் அவரிடம் கேள். ஒட்டியது நீ என்றால், இங்கே இருப்பது யார் பெயர்?" நான் மேடையைப் பார்த்துக் கேட்டேன். என் குரல் கத்தவில்லை. எங்கிருந்தோ அந்த ஈ விரட்டுகிற குரல் வந்திருந்தது. "ஒட்டியது ஜெசிந்தா என்றால், அழைப்பிதழில் இருப்பது யார் பெயர் என்று கேட்கிறார் சார்." பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அங்கை எழுந்து நின்றுவிட்டாள், ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் மைக்கைக் கையால் பொத்தினார், பொத்தியும் முன்வரிசைக்குக் கேட்டது. "இதெல்லாம் நம்ம வீட்டு விஷயம்மா. அதை மொழிபெயர்க்காதே. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு உக்காரு. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்." நான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தேன்.

"ஒட்டினது நான்தான் சார். தப்பும் என்னுதுதான். உங்க பேரை எடுத்துட்டு அந்த இடத்துல எம்பேரைப் போடுங்க."